கூழ் வடாம் காய்ந்ததும் நொறுங்குகிறது, ஏன்?

கேள்வி: 2 கப் பச்சரிசி மாவு, கால் கப் ஜவ்வரிசி, 4 கப் தண்ணீர். வெயிலில் வெடித்துத் தூளாகிறது. பொரித்தால் நடுவில் கடுக்கென்கிறது. அச்சில்தான் பிழிகிறேன்.

மொட்டைமாடி: மாவு வேகலைங்க. தண்ணீரும் போதாது, 6 கப்பாவது வேணும். ஜவ்வரிசியை முதல் நாள் ராத்திரியே ஊறவைங்க. கொதிக்கிற தண்ணீரில் அது கண்ணாடி மாதிரி ஆன பிறகுதான் மாவு. மாவை முதலிலேயே பச்சைத் தண்ணீரில் கரைச்சுக்கிட்டா கட்டி தட்டாது. அடுப்பைக் குறைச்சு கைவிடாமல் கிளறுங்க. ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, வெள்ளை மாவு நிறம் போய்ப் பளபளன்னு இருக்கணும். அதுதான் பதம்.

பங்குனிவெயில்: உப்பைக் கூழில் ருசி பார்த்துச் சரியா போட்டால் காய்ந்ததும் கரிக்கும். அரை உப்பு போதும். எலுமிச்சைச் சாறு இறக்கிக் கொஞ்சம் சூடு தணிஞ்ச பிறகு, இல்லாட்டி கசந்துடும்.

@மொட்டைமாடி சொன்னதோட இன்னொண்ணு: காலை 7 மணிக்குள் பிழிஞ்சு முடிங்க. கூழ் முழுசா ஆறினால் இறுகி அச்சில் இறங்காது.

கேள்வி கேட்டவர்: பழைய வேட்டியில் பிழிந்தால் ஒட்டிக்கொள்கிறதே?

மொட்டைமாடி: துணியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளிச்சு, 2 நிமிஷம் கழிச்சு உரிங்க. பிளாஸ்டிக் ஷீட்னா அந்தத் தொல்லையே இல்லை. சாயங்காலம் தானாகக் கழண்டுவரும். மறுநாள் திருப்பிப் போட்டு, ஒடிச்சா 'டக்'குன்னு சத்தம் வரும்வரை காயவைங்க.