வானிலை புரண்டால் கிராப்பி வாயை மூடிக்கொள்ளுமா?

சேது (செயின்ட் பால்)

மின்னிசோட்டாவில் இது எனக்கு ரெண்டாவது குளிர்காலம். ஐஸ் ஃபிஷிங் தெரியாதவங்களுக்காக ஒரு வரி: உறைஞ்ச ஏரி மேல நடந்து போய், ஆகர்ங்கிற துளைக்கருவியால துளை போட்டு, குட்டித் தூண்டிலை இறக்கிப் பிடிக்கிறது. நான் தேடிப் போறது கிராப்பி. வெள்ளி உடம்புல கரும்புள்ளி, காகிதம் மாதிரி மெல்லிய வாய். வெடுக்குன்னு இழுத்தா வாய் கிழிஞ்சு மீன் போயிடும்.

சனிக்கிழமை மின்னடோங்கா ஏரியில ஒரு குடா, 28 அடி ஆழம். மேகம் கவிஞ்சு கிடந்தது, மதியத்துக்கு மேல பனி கொட்ட ஆரம்பிச்சுது. வெப்பநிலை 28 ஃபாரன்ஹீட். பொழுது சாயுறதுக்குள்ள ஒன்பது மீன். ராத்திரி காற்று வடமேற்குக்குத் திரும்பிடுச்சு. ஞாயிறு காலையில மைனஸ் 12, அதாவது செல்சியஸ்ல மைனஸ் 24. வானம் துடைச்சு விட்ட மாதிரி நீலம். அதே துளை, அதே டங்ஸ்டன் ஜிக் (கனம் வச்ச குட்டித் தூண்டில் முள்), இரைக்கு அதே மெழுகுப்புழு. ஃப்ளாஷர்ங்கிற மீன்காட்டிக் கருவியோட திரையில மீன் கோடு தெரியுது, தரையை ஒட்டி அப்படியே நிக்குது. இரை பக்கத்துல வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போகுது. அஞ்சு மணி நேரத்துல ஒரு மீன்கூட இல்லை.

ஒரே ராத்திரியில என்ன மாறிச்சு?

மாரி (பெமிட்ஜி)

தம்பி, மாறினது காற்றழுத்தம். இருபத்தஞ்சு வருஷமா இந்த ஐஸ் மேல உட்கார்ந்திருக்கேன். பாரோமீட்டர் இறங்கும்போது கிராப்பி வெறி பிடிச்ச மாதிரி தின்னும். புயல் கடந்து அழுத்தம் ஏறுச்சுன்னா ரெண்டு நாளைக்கு வாயைத் திறக்காது.

காரணமும் இருக்கு. மீன் மிதக்க வயித்துக்குள்ள ஒரு காற்றுப்பை இருக்கு. கிராப்பிக்கு அது மூடின பை. டிரவுட் மீன் மாதிரி வாய் வழியா காற்றை விழுங்கவோ வெளியே விடவோ முடியாது. ரத்தம் வழியாத்தான் மெல்ல மெல்லச் சரி பண்ணிக்கணும். திடீர்னு அழுத்தம் கூடினா உடம்பு தடுமாறாதா?

எங்க அப்பா குளச்சல்ல கட்டுமரத்துல போனவரு. எந்தக் கருவியும் கிடையாது, காற்று திரும்புறதை வச்சே இன்னைக்கு மீன் படும் படாதுன்னு சொல்லிடுவாரு. கடலானா என்ன, ஏரியானா என்ன, மீனுக்கு வானம் தெரியும்.

கயல் (மேடிசன்)

மாரி அண்ணன் பார்த்ததை நான் மறுக்கவில்லை. வானிலை புரண்ட மறுநாள் கிராப்பி மந்தமாக இருப்பதை மென்டோட்டா ஏரியில் நானும் பலமுறை அனுபவித்திருக்கிறேன். காரணம் அழுத்தம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. கணக்கு இடிக்கிறது.

பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. பாரோமீட்டரில் பாதரசம் 29.5-லிருந்து 30.5 அங்குலத்துக்கு ஏறினால் அது பெரிய மாற்றம், ஒரு முழு அங்குலம். அந்த மாற்றம் மீனுக்கு எவ்வளவு? 13.6 அங்குலத் தண்ணீர். ஓர் அடிக்குக் கொஞ்சம் மேல். கிராப்பி சாயங்காலம் தரையிலிருந்து பத்து அடி மேலேறி இரை தேடுகிறது. அந்த ஒரு ஏற்றத்திலேயே புயலைப் போல எட்டு, ஒன்பது மடங்கு அழுத்த மாற்றத்தை அது தானாக விரும்பித் தாங்கிக்கொள்கிறது.

இன்னொன்று. அழுத்தம் கூடினால் காற்றுப்பை சுருங்கும். அதைச் சரிக்கட்ட மீன் ஓர் அடி மேலே வந்தால் போதும். ஆனால் சேதுவின் மீன்கள் கீழே இறங்கித் தரையோடு ஒட்டிக்கொண்டன. திசையே தலைகீழாக இருக்கிறதே.

சேது (செயின்ட் பால்)

மேல ஒன்றரை அடி ஐஸ் மூடியிருக்கே, காற்றோட அழுத்தம் தண்ணிக்குள்ள போகுமா அக்கா?

கயல் (மேடிசன்)

போகும் தம்பி. ஐஸ் தண்ணீரில் மிதக்கிற பலகை. மேலே காற்று அழுத்தினால் பலகை தண்ணீரை அழுத்தும். அந்த விஷயத்தில் மாரி அண்ணன் பக்கம்தான் சரி.

என் கணிப்பு வெளிச்சம். கிராப்பிக்குப் பெரிய கண். மங்கலில்தான் அதற்கு ஆதாயம். அது தின்னும் நுண்ணிய மிதவை உயிரினங்களும் கொசுவை ஒத்த பூச்சியின் கண்ணாடிப் புழுக்களும் வெளிச்சத்தை அஞ்சிப் பகலில் ஆழத்தில் கிடந்து, இருட்டியதும் மேலே மிதந்து வரும். சனிக்கிழமை மேகம், பகல் முழுக்க அந்திபோல இருந்தது. ஞாயிறு கண்ணைக் கூசும் வெயில். வெப்பநிலையை இதில் இழுக்க வேண்டாம்: வெளியே மைனஸ் 12 ஆனாலும் 28 அடி ஆழத்தில் தண்ணீர் 39 ஃபாரன்ஹீட்டை ஒட்டியேதான் நிற்கும். ஒரு ராத்திரிக் குளிர் அங்கே எட்டாது.

மாரி (பெமிட்ஜி)

கணக்கு போடுறது நல்லதுதான்மா. ஆனா மீன் தானா ஏறுறது வேற, வானம் அதை அமுக்குறது வேற. தானா ஏறினது விடியுறதுக்குள்ள இறங்கிடும். புயலுக்குப் பின்னால ஏறின அழுத்தம் ரெண்டு நாள் அப்படியே நிக்கும்.

நீ சொன்ன வெளிச்சத்துக்கே வர்றேன். சனிக்கிழமை பனி கொட்டிச்சுன்னு தம்பி சொல்றான். ஐஸ் மேல அரை சாண் புதுப்பனி கிடந்தா அடியில இருட்டுதான் கூடும். ஞாயித்துக்கிழமை மேல எவ்வளவு வெயில் அடிச்சாலும் கீழ சனிக்கிழமையைவிட இருட்டாத்தான் இருந்திருக்கணும். உன் கணக்குப்படி மீன் இன்னும் நல்லா தின்னிருக்கணுமே?

அப்பர் ரெட் லேக் ஞாபகம் இருக்கா? அங்க வால்ஐங்கிற மீன் அழிஞ்சு போய் 1999-ல அதைப் பிடிக்கவே தடை போட்டாங்க. வால்ஐ இல்லாத இடத்துல கிராப்பி பெருகிச்சு, அப்படிப் பெருகிச்சு. 2006-ல வால்ஐக்குத் திறந்து விடுறவரைக்கும் மின்னிசோட்டாவே அங்கதான் கூடாரம் போட்டிருந்தது. நானும் அந்தக் காலத்துல வாராவாரம் போனேன். தட்டுக்கு வெளியே வால் நிக்கிற மீனு. தெற்குக் காற்று வீசுறப்போ தக்கை நிக்காது. வடமேற்குக்குத் திரும்பினா அந்த நிமிஷமே கடை சாத்தின மாதிரி.

கயல் (மேடிசன்)

புதுப்பனி பற்றிச் சொன்னது சரியான அடி அண்ணா. வெளிச்சம் ஒன்றே காரணம் என்று நான் எழுதியது தப்பு, திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் நாம் என்ன செய்கிறோம் என்றும் பாருங்கள். பனியைத் தள்ளி வழித்துவிட்டுத்தான் கூடாரம் போடுகிறோம், சுற்றிப் பத்துத் துளை போடுகிறோம், நடந்து நடந்து பனியை மிதிக்கிறோம். இருட்டான கூரையில் நம் இடம் மட்டும் ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் விழுகிற பந்தல். சேது, ஞாயிற்றுக்கிழமை பனியை வழித்தாயா?

ரெட் லேக் என் பக்கத்துச் சாட்சி என்றே நினைக்கிறேன். அங்கே நீங்கள் பிடித்த இடமெல்லாம் பெரும்பாலும் 15 அடிக்குள். வெயில் ஏறினால் மீனுக்கு இறங்கிப் போக ஆழம் கிடையாது.

சேது (செயின்ட் பால்)

வழிச்சேன் அக்கா. துளைக்கு ரெண்டு பக்கமும் ஐஸ் பளபளன்னு தெரியுற அளவுக்கு. சனிக்கிழமை வழிக்கலை, அப்பத்தான் கொட்ட ஆரம்பிச்சிருந்தது.

மீனா (டுலூத்)

அழுத்தமா வெளிச்சமான்னு மூணு நாளா ஓடுது. யாருமே மேல நிக்கிற ஐஸைப் பத்திப் பேசலை. வானிலை மாறுறப்போ முதல்ல மாறுறது அதுதான்.

"அழுத்தம் இறங்குறப்போ போ"ன்னு மாரி அண்ணன் சொல்றதை ஒரு புதுப் பையன் எப்படிப் புரிஞ்சுக்குவான்? தெற்குக் காற்று, வெதுவெதுப்பு, மழை வந்தாலும் வரலாம். பெரிய ஏரியில ஐஸ் கரையை விட்டுப் பிரியுற நேரமும் அதேதான். 2023 டிசம்பர் கடைசியில அதே அப்பர் ரெட் லேக்கில ஐஸ் தட்டு பிளந்து நூறு பேருக்கு மேல தண்ணிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாங்க. எல்லாரையும் மீட்டாங்க. அந்தக் குளிர்காலம் முழுக்கவே அப்படித்தான் இருந்தது, டிசம்பர்ல மழை பெய்ஞ்சுது.

நடக்கிறதுக்கு நாலு அங்குலம்னு மாநில இயற்கை வளத்துறை சொல்றது புதுசா உறைஞ்ச தெளிந்த ஐஸுக்கு. பனி ஊறி உறைஞ்ச வெள்ளை ஐஸுக்குப் பாதி பலம்தான், ரெண்டு மடங்கு தடிமன் வேணும். உருகி உருகித் திரும்ப உறைஞ்சதை அங்குலத்தை மட்டும் பார்த்து நம்பவே கூடாது.

மாரி (பெமிட்ஜி)

மீனாம்மா, பயமுறுத்த வேண்டாம். ரெட் லேக் கடல் மாதிரி. சேது போறது கரை சூழ்ந்த குடா. ஜனவரி நடுவுல ஒன்றரை அடி ஐஸை எந்தக் காற்று பிரிக்கும்?

மீனா (டுலூத்)

பயமுறுத்தலை அண்ணே. மின்னடோங்காவுல குடாவுக்குக் குடா வாய்க்கால் இருக்கு, பாலம் இருக்கு. அங்க தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். குடா நடுவுல ஒன்றரை அடி இருக்கிற அன்னைக்கே பாலத்தடியில மூணு அங்குலம் இருக்கும். அதுக்கு மேல அரை சாண் பனி விழுந்தா ரெண்டும் ஒரே வெள்ளையாத் தெரியும். அந்தப் பனி கம்பளி மாதிரி, கீழ ஐஸ் தடிக்க விடாது. கனத்துல ஐஸைக் கொஞ்சம் அமுக்கி விரிசல் வழியா தண்ணியை மேல ஏத்திச் சகதியாவும் ஆக்கிடும்.

நாலு வருஷத்துக்கு முன்னால எங்க வீட்டுக்காரர் முழங்கால் வரைக்கும் உள்ள போயிட்டாரு. முந்தின நாள் நடந்த அதே தடத்துல. கையில கடப்பாரை இருந்தது, ஆனா குத்திப் பார்க்காம தோள்ல வச்சுக்கிட்டு நடந்தாரு. அன்னைக்கு ராத்திரி அவர் கால் விரலைத் தேய்ச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். அதனாலதான் எழுதுறேன். சேது, ரெண்டு அடிக்கு ஒரு குத்து. கழுத்துல ஐஸ் ஊசி தொங்கணும், உள்ள விழுந்தா ஐஸைக் குத்திப் பிடிச்சு மேல ஏற. தனியாப் போகாதே.

சேது (செயின்ட் பால்)

என்கிட்ட ஐஸ் ஊசி இல்லை அக்கா. இன்னைக்கே வாங்குறேன்.

கயல் (மேடிசன்)

மீனா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மென்டோட்டா எப்போது உறைந்தது, எப்போது திறந்தது என்பதை 1850-களிலிருந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஐஸ் நின்ற காலத்தோடு ஒப்பிட்டால் இப்போது ஏறத்தாழ ஒரு மாதம் குறைவு. "இந்தத் தேதிக்கு ஐஸ் நிற்கும்" என்று அப்பா காலத்து ஆட்கள் சொன்னது இனிச் செல்லாது.

மாரி அண்ணா, ஓர் உதவி. நீங்கள் நோட்டு எழுதுகிறவர் என்று தெரியும். அழுத்தம் இறங்கியும் வானம் தெளிவாக இருந்த நாள், அழுத்தம் ஏறியும் மேகம் மூடியிருந்த நாள், இந்த இரண்டை மட்டும் தேடிப் பாருங்களேன். அழுத்தம் இறங்குவதும் மேகம் வருவதும் கை கோத்தே வருகின்றன. இரண்டையும் பிரித்தால்தான் எது மீனை எழுப்பியது என்று தெரியும்.

மாரி (பெமிட்ஜி)

ரெண்டு சாயங்காலம் உட்கார்ந்து புரட்டினேன். அப்படிப்பட்ட நாள் கொஞ்சம்தான். அழுத்தம் ஏறி மேகம் மூடியிருந்த நாளெல்லாம் சுமாராப் பட்டிருக்கு, மோசம்னு சொல்ல முடியாது. அழுத்தம் இறங்கி வெயில் அடிச்ச நாள்ல மதியம் ஒண்ணுமில்லை, இருட்டினப்புறம் பட்டிருக்கு. இதை மறைக்க மாட்டேன்.

இன்னொண்ணும் கண்ணுல பட்டது. கடுங்குளிர் நாள்ல எல்லாம் நான் மூணு மணிக்கே கிளம்பியிருக்கேன். தெற்குக் காற்று நாள்ல ராத்திரி எட்டு வரைக்கும் இருந்திருக்கேன். மீன் வாயை மூடிச்சா, நான் கடையை மூடினேனான்னு இப்ப யோசனையா இருக்கு.

ஆனாலும் அழுத்தத்தை நான் விடலை. பாரோமீட்டர் இறங்குறப்போ அதுங்க இரையைத் துரத்துற வேகமே வேற. அது வெறும் மேகத்தால வர்ற வேகம் இல்லை.

சேது, இப்படிப் பண்ணிப் பாரு. பனியை வழிக்காதே. ரெண்டே துளை, குளிர்காலத்துல ஆளுக்கு ரெண்டு தூண்டில் சட்டமே விடுது. ஒண்ணுல மின்னோங்கிற பொடிமீனை இரையாக் கோத்துத் தக்கையில விட்டுட்டு அதைத் தொடாதே. இன்னொண்ணுல உன்கிட்ட இருக்கிறதிலேயே சின்ன ஜிக், ரெண்டு பவுண்டு தாங்குற மெல்லிய தூண்டில் நரம்பு. ஆட்டாதே, நடுங்கினாப் போதும். மீனுக்கு ஓர் அடி மேல நிறுத்து. கிராப்பி அண்ணாந்துதான் பார்க்கும், குனிஞ்சு பார்க்காது. இருட்டி ஒரு மணி நேரம் ஆகாம எழுந்திரிக்காதே.

மீனா (டுலூத்)

ஆழத்துல பிடிக்கிறதால இதையும் சொல்லிடுறேன். 34 அடியில மீன் மேல அழுத்தம் கரையில இருக்கிற மாதிரி ரெண்டு மடங்கு. மேல இழுத்தா அதே மூடின காற்றுப்பை ரெண்டு மடங்கா உப்பும். கண் பிதுங்கும், வயிறு வாய் வழியா வரும். திரும்ப விட்டா நீந்திப் போற மாதிரி தெரிஞ்சாலும் நிறைய பிழைக்காது. 28 அடிக்கும் இது பொருந்தும். சின்னது பெரிசுன்னு பொறுக்கிப் பொறுக்கி விட வேண்டாம். வீட்டுக்கு வேண்டியது கிடைச்சதும் சுருட்டிடு. சட்டம் பத்து வரைக்கும் விடுதுங்கிறதுக்காகப் பத்தும் வேணும்னு இல்லை.

சேது (செயின்ட் பால்)

வியாழக்கிழமை போய்ட்டு வந்தேன், நண்பன் ஒருத்தனும் கூட. மைனஸ் 8, மேகமே இல்லை, பாரோமீட்டர் 30.6-ல ஏறிக்கிட்டே இருந்தது. மாரி அண்ணன் கணக்குப்படி வீட்டுலயே இருந்திருக்கணும். கடப்பாரையால குத்திக்கிட்டே போனோம். வாய்க்கால் பக்கம் ஒரு இடத்துல ரெண்டாவது குத்துலயே தண்ணி வந்துச்சு. அங்கிருந்து திரும்பிச் சுத்திப் போனோம்.

பனியைத் தொடலை. நாலு மணி வரைக்கும் ஒண்ணுமில்லை, மீன் தரையோட தரையா. அஞ்சேகாலுக்குத் திரையில முதல் கோடு மூணு அடி மேல எழும்பிச்சு. ஜிக்கைப் பார்த்தது, நின்னது. நான் கையை அசைக்கவே இல்லை. நரம்பு இழுக்கலை, தளர்ந்துச்சு. கீழ இருந்து வந்து எடுத்துட்டு மேலேயே போகுது. ஆறே முக்கால் வரைக்கும் நாலு மீன். மூணு ஜிக்குல, ஒண்ணு மின்னோவுல. சனிக்கிழமை மாதிரி பாய்ச்சல் இல்லை, ஒவ்வொண்ணும் ரொம்ப நேரம் யோசிச்சுத்தான் எடுத்துச்சு. நாலையும் எடுத்துக்கிட்டோம்.

மாரி (பெமிட்ஜி)

நாலு! சனிக்கிழமை ஒன்பது. மிச்சம் அஞ்சு எங்க போச்சுன்னு கயலைக் கேளு.

கயல் (மேடிசன்)

அதற்கு இன்னும் பதில் இல்லை அண்ணா. வரும் செவ்வாய் அழுத்தம் இறங்குகிறது, ஆனால் மதியம் வரை வெயில் என்கிறார்கள். நோட்டில் குறைவாக இருக்கிற அந்த நாள். நான் மென்டோட்டாவில் உட்காருகிறேன், நீங்கள் பெமிட்ஜியில், சேது அதே குடாவில். மூவரும் மதியம் ஒன்றிலிருந்து ஏழு வரை. யாரும் பனியை வழிக்கக் கூடாது, யாரும் சீக்கிரம் கிளம்பக் கூடாது.

மீனா (டுலூத்)

காலையில எத்தனை அங்குலம், வெள்ளையா தெளிவான்னு மூணு பேரும் முதல்ல இங்க எழுதிட்டு அப்புறம் உட்காருங்க.