கதை கேட்கிறார்கள், எழுதச் சொன்னால் விழிக்கிறார்கள் (இரண்டாம் வகுப்பு)

வேப்பமரத்தடி:
அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன், 19 பிள்ளைகள். கதை என்றால் போதும், சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். பாட்டி வடை சுட்ட கதையை நரி ஏமாந்தது, காக்கா வடையைக் காலில் இடுக்கிக்கொண்டது என்று விதவிதமாகச் சொல்லியாயிற்று. "இப்போ நீ சொல்லு" என்றால், "ஒரு ஊர்ல ஒரு பாட்டி"யோடு நின்றுவிடுகிறது. நோட்டில் "வடை", "நரி" என்று தனித்தனிச் சொல்தான் விழுகிறது, வாக்கியம் வரவில்லை. என்ன செய்யலாம்?

மழலை:
நான்கு கட்டம் போட்டுப் படம் வரையச் சொல்லுங்கள், கட்டத்துக்கு ஒரு வரி. என் பையனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

பழைய கரும்பலகை:
வடைக் கதையில் பிள்ளைகள் சேர்ந்து சொல்ல இடமே இல்லை, டீச்சர். வீடு மெழுகும்போது ஈ தன் பெயரை மறந்துபோன கதையை எடுங்கள். "கொழுகொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் ஆயா, ஆயன் கைக் கோலே..." என்று போய், கடைசியில் குதிரை "ஈஈ" என்று கனைக்குமே, அதுதான். கன்றின், தாயை என்று வேற்றுமை. மேய்க்கும், பிடிக்கும் என்று பெயரெச்சம். கன்றே, ஆயா என்று விளி. வாக்கியத்துக்கு வேண்டிய சாமான் பாதி அதிலேயே கிடக்கிறது. இந்தப் பெயர்களைப் பிள்ளைகளிடம் சொல்லித் தொலைக்காதீர்கள்!

முதல் இரண்டு நாள் வாயால் மட்டும். அப்புறம் பழைய காலண்டர் அட்டையில் வரிக்கு ஒன்றாக எழுதி, குலுக்கிப் போட்டு அடுக்கச் சொல்வேன். பிறகு ஒரு சொல்லை மட்டும் விரலால் மறைப்பேன். ஒருமுறை ஒருத்தி கேட்டாள், "சத்துணவு ஆயா மாடும் மேய்க்கிறாங்களா சார்?" ஆயனைக் கூப்பிட்டால் ஆயா, முருகனைக் கூப்பிட்டால் முருகா என்றேன். அன்று முழுக்க வகுப்பில் ஒரே "முருகா"தான். எழுத்துக்கு அவசரப்படாதீர்கள். சங்கிலி வாயில் நின்றபின், அவர்கள் பள்ளிக்கூடத்தை வைத்தே புதிதாக ஒன்று கட்டச் சொல்லுங்கள்.

கடலோரம்:
நல்ல கதைதான், ஆனால் ஓர் உறுத்தல். என் வகுப்பில் மீன்பிடிக்கிறவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வரிசையில் "மீன் பிடிக்கும் வலையா" என்று வருகிற இடத்தில், அப்படிக் கூப்பிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "வலை வீசும் மாமா" என்று மாற்றிக்கொண்டேன். ஓசை ஒன்றும் கெடவில்லை.

பழைய கரும்பலகை:
சரியான பேச்சு. இத்தனை வருடம் எனக்குத் தோன்றவே இல்லை.

வேப்பமரத்தடி:
இரண்டு வாரம் ஆயிற்று. "மாமா"வையே வைத்துக்கொண்டேன். அட்டை அடுக்கும்போது ஒரு சண்டை, ஒரு கிழிசல், அவ்வளவுதான். நேற்று நான்கு பேர் கூடி எழுதியது, பிழையை மட்டும் திருத்தித் தருகிறேன்:

"வாசலில் இருக்கும் வேம்பே, வேம்பில் இருக்கும் காக்காவே, காக்கா தூக்கும் முட்டையே, முட்டை போடும் ஆயா!"

உரக்கப் படித்ததும் வகுப்பே உருண்டு சிரித்தது. சமையல் கூடத்திலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்த ஆயா, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.