புதுப்பிப்பு: வீட்டில் படிக்கும் மகளுக்குக் கூட்டாளி கிடைத்தாள்

வீட்டிலேயே படிக்கும் என் ஒன்பது வயது மகளுக்குச் சென்னையில் கூட்டாளிகளை எங்கே தேடுவது என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். சிலர் சொன்னபடி கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனோம். குழந்தைகள் பிரிவு அருமைதான். ஆனால் வந்த பிள்ளைகள் எல்லாம் புத்தகத்துக்குள் தலையை விட்டிருந்தார்கள். (நூலகத்தில் பேசக் கூடாதே, எனக்கு ஏன் தோன்றவில்லை?)

கைகொடுத்தது சிலம்ப வகுப்பு. மாலை ஐந்தரைக்கு, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளோடு. முதல் வாரம் மகள் என் துப்பட்டா நுனியை விடவில்லை. அப்புறம் ஒருநாள் இவள் கம்பு நழுவி இன்னொருத்தியின் கால்விரலில் விழுந்தது. அவள் அழ, இவளும் அழ, ஆசான் இருவருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தார். இப்போது ஞாயிறானால் இருவரும் எங்கள் வீட்டுத் தரையில் பல்லாங்குழியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பத்தாம் வகுப்புத் தேர்வை எப்படி எழுதுவாள் என்று கேட்டவர்களுக்கு: 14 வயது முடிந்தால், பள்ளிக்குப் போகாதவர்களுக்கும் தேர்வு நடத்தும் மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (NIOS) வழியாக எழுதலாம். சரி, அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.