மூத்த மகன் உள்ளே போனானா?

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். பைபிளில் லூக்கா சுவிசேஷம் 15-ஆம் அதிகாரத்தில் வரும் கெட்ட குமாரன் கதையை ஞாயிறு பள்ளியில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. சொத்தில் தன் பங்கை வாங்கிப் போய் அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனைத் தகப்பன் விருந்து வைத்து ஏற்றுக்கொள்கிறார்; வீட்டிலேயே இருந்து உழைத்த மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான். அந்தக் கதையில் நான் யார் என்பது 43 வயதில்தான் தெரிந்தது.

என் தம்பி அப்பாவின் பெயரில் கடனை வாங்கி வைத்துவிட்டு வீட்டை விட்டுப் போனவன். ஒன்பது வருடம் ஒரு தகவலும் இல்லை. கடனை அடைத்தது நான். அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போனது, ராத்திரி கண்விழித்தது எல்லாம் நான். அவருக்கு ரொம்பவும் முடியாமல் போனபோது தம்பி வந்து நின்றான். அப்பாவால் தானாக எழுந்து உட்காரவே முடியாத நேரம் அது. வாசலில் அவன் குரல் கேட்டதும் போர்வையைத் தள்ளிவிட்டு, கட்டிலுக்குக் கீழே காலால் செருப்பைத் துழாவினார். பாதம் தரையில் பட்டுப் பட்டுச் சறுக்கியது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜெபிக்க வந்திருந்த போதகர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "தம்பி, அந்தக் கதையில் தகப்பன் எத்தனை தடவை வீட்டுக்கு வெளியே வருகிறார்?" என்று கேட்டார். இளையவனைத் தூரத்தில் கண்டு ஓடியது ஒரு தடவை. கோபித்துக்கொண்டு உள்ளே வராத மூத்தவனை வருந்தி அழைக்க வந்தது இன்னொரு தடவை. மூத்தவனோ, இத்தனை வருஷம் உமக்கு ஊழியம் செய்தேனே, ஒரு ஆட்டுக்குட்டியாவது தந்தீரா என்று கணக்குப் பார்க்கிறான். என் மனதில் அப்போது ஓடியதும் அதே கணக்குதான். ரோமர் 6:23-ல் உழைப்புக்குக் கிடைக்கும் சம்பளமும் இலவசமாகக் கிடைக்கும் கிருபைவரமும் ஒரே வசனத்தில் வருகின்றன. எனக்கு மனப்பாடம். ஆனாலும் அத்தனை வருடமும் அப்பாவின் அன்பைச் சம்பளமாகத்தான் எதிர்பார்த்திருக்கிறேன்.

மூத்தவன் உள்ளே போனானா என்பதைச் சொல்லாமலே இயேசு கதையை முடித்துவிடுகிறார். நான் போனேன், அரைமணி நேரம் கழித்து. தம்பியோடு மனம்விட்டுப் பேச அதற்கப்புறமும் பல மாதம் ஆனது.

*

நான் கிறிஸ்தவள் இல்லை. என் குழந்தை பிறந்த மறுநாளே இறந்துபோனது. வந்தவர்கள் எல்லாம் "எல்லாம் அவன் செயல்", "இன்னொன்று பிறக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வார்டுக்கு வரும் வயதான கன்னியாஸ்திரி ஒருவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரும்பவும் அழுதார்.

பின்னால் ஒரு நாள் யோவான் சுவிசேஷம் படித்தேன். 11-ஆம் அதிகாரம். இறந்த லாசருவை இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். இருந்தும் அவன் சகோதரி மரியாள் அழுவதைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறார். கடவுள் மனிதனாக வந்தார் என்று கிறிஸ்தவர்கள் ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

*

மேலே தம்பியைப் பற்றி எழுதிய அண்ணனுக்கு நன்றி. மன்னிப்பைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும்.

என் கணவர் அடிப்பார். சபைப் பெரியவர்களிடம் போய்ச் சொன்னேன். "ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறாரே இயேசு" என்று திருப்பி அனுப்பினார்கள். லூக்கா 17:3-ஐ யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. குற்றம் செய்தவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னி என்று அங்கே இருக்கிறது. அடி வாங்குகிறவள் வாயை மூடிக்கொண்டு அங்கேயே கிடக்க வேண்டும் என்று கிறிஸ்து எங்கும் சொல்லவில்லை. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே சபையில் பின்வரிசையில் உட்காரும் ஓர் அக்கா அன்று சாயங்காலமே என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். உதட்டுக் காயத்தைக் கழுவி மருந்து போட்டார். என்ன நடந்தது என்று மறுநாள்தான் கேட்டார்.

லூக்காவில் 'மனதுருகி' என்று மூன்று இடத்தில் வருகிறது. மகனை இழந்த நாயீன் ஊர் விதவையைப் பார்த்த இயேசு, அவர் சொன்ன ஒரு கதையில் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்த சமாரியன், திரும்பி வந்த மகனைப் பார்த்த தகப்பன். மூன்றுக்கும் கிரேக்க மூலத்தில் ஒரே சொல், குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. பெற்ற வயிறு பதறுகிறது என்கிறோமே, அந்தப் பதற்றம். அந்தச் சமாரியன் காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டியதோடு விடவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு பணம், அதாவது இரண்டு நாள் கூலி, கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான்.

அக்கா வீட்டில் நான்கு மாதம் இருந்தேன். வேலை கிடைத்துத் தனி அறைக்குப் போன அன்று அவர் வீட்டுச் சாவியை நீட்டினேன். "உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். இன்னும் என் பையில்தான் இருக்கிறது.