வளவுக்குள்ள குருவி வருது, பெட்டியில மட்டும் ஏன் தங்கல?

கேள்வி: முற்றத்துவெயில் (கானாடுகாத்தான்)

பழைய வீடு. குரங்குக்குப் பயந்து வளவு முற்றத்து மேல கம்பி வலை போட்டிருக்கு, கட்டம் 2 இஞ்ச். சிட்டுக்குருவி அதுல உட்கார்ந்து, தத்தி உள்ள இறங்கிருது. தாழ்வாரத்துல ரெண்டு மரப்பெட்டி கயித்துல தொங்குது. 8 இஞ்ச் சதுரம், 2 இஞ்ச் ஓட்டை, ஓட்டைக்குக் கீழ உட்கார ஒரு குச்சி. எட்டு மாசமாச்சு, குருவி கூடு கட்டல. ஒண்ணுல மட்டும் யாரோ நாரைத் திணிச்சிருக்காக.

இன்னொண்ணு. முகப்புல இருக்கிற பெல்ஜியம் கண்ணாடியை ஒரு கறுப்பு வெள்ளைக் குருவி விடிஞ்சதுலேர்ந்து கொத்துது. வாலைத் தூக்கி நிக்கும். என்ன குருவி? எப்படி நிறுத்துறது?

பதில்: உளிச்சத்தம்

நார் திணிச்சது அணில். குருவி கட்டினா வைக்கோல், காஞ்ச புல்லு, கோழிச்சிறகு எல்லாம் கலந்து, நுனி வெளிய தொங்கிக்கிட்டுக் கிடக்கும்.

முதல் தப்பு ஓட்டை. 2 இஞ்ச்னா மைனாவே நுழைஞ்சிரும், குருவியை விரட்டிட்டு அது குடியேறும். சிட்டுக்குருவிக்கு ஒண்ணேகால் இஞ்ச் (32 மி.மீ.) போதும். ஓட்டை, பெட்டித் தரையிலேர்ந்து 5 இஞ்ச் உயரத்துல இருக்கணும். கீழ இருந்தா காக்கா அலகை விட்டுக் குஞ்சை இழுத்துரும். குச்சியைப் பிடுங்கிப் போடுங்க. குருவிக்கு அது தேவையே இல்ல, காக்காய்க்குத்தான் வசதி.

ரெண்டாவது தப்பு கயிறு. ஆடுற பெட்டியில தங்காது. தரையிலேர்ந்து 8 முதல் 10 அடி உயரத்துல, சாயங்கால வெயில் படாத சுவர்ல ரெண்டு திருகு போட்டு இறுக்குங்க. தேக்குத் தூண்ல துளை போட வேணாம். சீலிங் ஃபேனுக்குப் பக்கத்துலயும் வேணாம், பறந்து பழகுற குஞ்சு ஃபேன் இறக்கையில அடிபட்டுரும். பெட்டிக்குள்ள வார்னிஷ் அடிக்காதீக. அடியில 4 சின்னத் துளை இருந்தா ஈரம் நிக்காது.

ஒண்ணு கேக்குறேன்: வீட்டைப் புதுப்பிச்சப்ப உத்திரத்துக்கும் சுவருக்கும் நடுவுல இருந்த சந்து எல்லாத்தையும் சிமெண்ட் வச்சு அடைச்சிட்டீகளா? குருவிக்கு அதுதான் சொந்த வீடு, பெட்டி வாடகை வீடு மாதிரி. ஒண்ணு ரெண்டு சந்து திறந்து விட முடிஞ்சா அதைச் செய்ங்க.

பதில்: கம்மாக்கரை

கண்ணாடியைக் கொத்துறது குண்டுகரிச்சான், ஆண். பொட்டைக்குக் கறுப்புக்குப் பதிலா சாம்பல் நிறம். வாலாட்டியோட குழப்பிக்காதீக. வாலாட்டிக்குக் கண்ணுக்கு மேல நீளமா வெள்ளைப் புருவம் இருக்கும், வாலை ஓயாம மேலயும் கீழயும் ஆட்டும்.

கரிச்சான் தன் உருவத்தை வேற ஆண்னு நினைச்சுச் சண்டைக்குப் போகுது. கூடு கட்டுற காலத்துல, பங்குனி சித்திரையில, இது அதிகம். பருந்துப் படம் ஒட்டினா ரெண்டு நாளுல பழகிரும். பழைய வேட்டியை மேலேர்ந்து கீழ வரை தொங்கவிட்டு, விடியுறதுக்கு முன்னாடியே மூடிருங்க. பாதி மூடினா மிச்சப் பாதியைக் கொத்தும். ரெண்டு மூணு வாரம் மூடி வச்சா பெரும்பாலும் விட்டுரும். பைக் கண்ணாடியையும் கொத்தினா, அதுக்கு ஒரு துணிப்பை மாட்டினா போதும்.

பதில்: ஆச்சிவீட்டுத் திண்ணை

குருவிக்குன்னு வடாம் மாவு, மிச்சச் சோறு வைக்கிறாக. உப்புப் போட்டது எதுவும் வேணாம். கம்பு, தினை, நொய் ஒரு கைப்பிடி வைங்க. ஆனா குஞ்சு தானியத்துல வளராது, தாய் புழு பூச்சி கொண்டு வரணும். அதனால முருங்கைக்கும் செம்பருத்திக்கும் பூச்சிமருந்து அடிக்காதீக.

தானியத்தைவிட எனக்குத் தண்ணி முக்கியம். அகலமான மண்தட்டு, 2 இஞ்ச் ஆழம், நடுவுல ஒரு கல். தினம் மாத்துங்க, இல்லேன்னா கொசுப்புழு வந்துரும். செடிமறைவுலேர்ந்து 6 அடி தள்ளி வைங்க, பூனை பதுங்கிப் பாயாது. கொண்டைக்குருவியும் தவிட்டுக்குருவிக் கூட்டமும் முதல்ல வரும். விடியக்காலை 15 நிமிஷம் உட்கார்ந்து எழுதி வச்சா, பொங்கல் சமயத்துப் பறவைக் கணக்கெடுப்புக்கு அதுவே பழக்கமாயிரும்.

கேட்டவர்: முற்றத்துவெயில்

சந்து எல்லாமே அடைச்சாச்சு, ஒண்ணைத் திறக்கப் பாக்குறோம். பெட்டியைப் புதுசா செய்யணுமா?

பதில்: உளிச்சத்தம்

வேணாம். 3 இஞ்ச் சதுரத் தகட்டுல 32 மி.மீ. ஓட்டை போட்டு, பழைய ஓட்டை மேல அடிச்சிருங்க. அணில் கடிச்சுப் பெருசாக்கவும் முடியாது. தகட்டு விளிம்பை அரத்தால தேய்ச்சுட்டு அடிங்க, இல்லேன்னா குருவி நெஞ்சு கிழியும். உள்ள இருக்கிற நாரை எடுக்குறதுக்கு முன்னாடி அணில் குட்டி கிடக்கான்னு பாத்துக்குங்க.