திங்கட்கிழமைக்குள் ஆங்குலர்: பாடத்தில் ஓடுவது ப்ராஜெக்டில் ஓடவில்லை

ரியாக்ட்வாசி:
வணக்கம். மூன்று வருடமாக, வெப் திரைகள் எழுத உதவும் ரியாக்ட் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. ப்ராஜெக்ட் எதுவும் இல்லாமல் இரண்டு மாதம் பென்ச்சில் இருந்துவிட்டு, இப்போது திடீரென்று அதே வேலைக்கான இன்னொரு கருவியான ஆங்குலரில் ஒரு ப்ராஜெக்ட். திங்கட்கிழமை கேடி (ப்ராஜெக்டை விளக்கிக் கைமாற்றுவது) தொடங்குகிறது. ஆங்குலர் தளத்தில் இருக்கும் பாடத்தை இரண்டு ராத்திரி கண் விழித்து முடித்தேன், அதில் எல்லாம் ஓடியது. லீட் கொடுத்த ரிப்போவில் (ப்ராஜெக்டின் கோட் தொகுப்பு) ஒரு திரையில் சும்மா ஒரு பேனர் காட்டலாம் என்று, நிபந்தனை சரியானால் மட்டும் காட்டும் @இஃப் எழுதினேன். பில்டே ஆகவில்லை. எதிர்பாராத ஈஓஎஃப் (கோப்பின் முடிவு) என்கிறது, டெம்ப்ளேட்டில் (திரையின் ஹெச்டிஎம்எல்) தனியாக ஒரு நெளிவு அடைப்பு { இருக்கிறதா என்று கேட்கிறது. அடைப்புகளை மூன்று தடவை எண்ணிவிட்டேன், எல்லாம் சரியாக மூடியிருக்கிறது.

பழைய_கை:
அடைப்பில் தப்பில்லை தம்பி. ப்ராஜெக்ட் பயன்படுத்தும் நூலகங்களின் பட்டியல் இருக்கும் பேக்கேஜ் ஜேசனைத் திறந்து ஆங்குலர் கோர் என்ன பதிப்பு என்று பாருங்கள்.

ரியாக்ட்வாசி:
13 என்று இருக்கிறது.

பழைய_கை:
அதுதான். @இஃப் வந்ததே 17இல், 2023 நவம்பரில். அதற்கு முந்தைய ஆங்குலருக்கு டெம்ப்ளேட்டில் ஒற்றை நெளிவு அடைப்பு என்றால் ஒருமை பன்மைக்கு ஏற்ப வாசகம் மாற்றும் ஐசியூ வடிவத்தின் தொடக்கம். உள்ளே காற்புள்ளி வரும் என்று தேடிக்கொண்டே போய்க் கோப்பின் கடைசியில் முட்டிக்கொள்கிறது. அதே வேலைக்கான பழைய வடிவம் *என்ஜிஇஃப், அதைப் போடுங்கள்.

இன்னொன்று. மாட்யூல் இல்லாமல் தனித்து நிற்கும் காம்பொனென்ட் (திரையின் ஒரு துண்டு) நிலையான அம்சமாக ஆனது 15இல். உங்கள் 13இல் ஒவ்வொரு காம்பொனென்டையும் ஏதாவது ஒரு மாட்யூலில் (காம்பொனென்ட்களைச் சேர்த்துக் கட்டும் தொகுப்பு) டிக்ளேர் செய்தாக வேண்டும். நாளைக்கே இன்புட்டில் என்ஜிமாடல் (பெட்டியில் தட்டுவதைக் கோடில் உள்ள மதிப்போடு இணைப்பது) தெரியவில்லை என்று பிழை வரும் பாருங்கள். அப்போது அந்தத் திரையின் மாட்யூலில் அதைத் தரும் ஃபார்ம்ஸ்மாட்யூல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இனி 13க்கான ஆவணத்தை மட்டும் படியுங்கள்.

கோடிங்_அக்கா:
முழு கோர்ஸ் ஒன்றை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டால் நான்கு நாளில் முடியுமே?

பழைய_கை:
முடியும் அக்கா, ஆனால் திங்கட்கிழமை காலையில் மண்டையில் ஒன்றும் இருக்காது. நான் செய்தது வேறு. பட்டியல் காட்டும் திரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ரவுட்டிலிருந்து (திரையின் முகவரி) மாட்யூல், காம்பொனென்ட், டேட்டா கொண்டுவரும் சர்வீஸ், கடைசியில் பிரவுசரின் நெட்வொர்க் டேப் வரைக்கும் ஒரு காகிதத்தில் அம்பு போட்டுக்கொண்டே போனேன். ஆங்குலரில் டேட்டா ஓட்டத்தைக் கையாளும் நூலகமான ஆர்எக்ஸ்ஜேஎஸ்தான் கண்ணைக் கட்டும். அதில் ஆபரேட்டர்கள் நூறைத் தாண்டும். ஆபரேட்டர்களைக் கோர்க்கும் இடம் பைப், ரிப்போவில் அதைத் தேடினால் உங்கள் டீம் ஏழெட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டிருப்பார்கள். ஸ்விட்ச்மேப் (புதிய கோரிக்கை வந்ததும் பழையதை விட்டு அதற்கு மாறுவது) நிச்சயம் இருக்கும், அதை மட்டும் உட்கார்ந்து புரிந்துகொள்ளுங்கள்.

ரியாக்ட்வாசி:
*என்ஜிஇஃப் போட்டதும் பேனர் வந்துவிட்டது, நன்றி அண்ணா! நீங்கள் சொன்னபடி பட்டியல் திரை ஒன்றைப் பார்த்துவிட்டு, அதேபோல ஒன்றை நானே புதிதாக எழுதிப் பார்க்கிறேன். காம்பொனென்ட் தொடங்கும்போது ஓடும் என்ஜிஆன்இனிட்டில் சர்வீஸின் கெட் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறேன். பிழையும் இல்லை, நெட்வொர்க் டேப்பில் ஒரு வரிகூட இல்லை. அது திருப்பித் தருவதைக் கன்சோலில் அச்சிட்டால் அப்சர்வபிள் என்று மட்டும் வருகிறது.

கோடிங்_அக்கா:
ப்ராமிஸ் பழக்கம் தம்பி, எனக்கும் இது நடந்தது. ப்ராமிஸ் தரும் ஃபெட்ச்சைக் கூப்பிட்டவுடனே சர்வருக்குக் கோரிக்கை கிளம்பிவிடும். ஆங்குலரின் ஹெச்டிடிபி கிளையன்ட் அப்படியில்லை, அது தரும் அப்சர்வபிளை யாராவது சப்ஸ்க்ரைப் செய்தால்தான் (பதில் வேண்டும் என்று பதிந்தால்தான்) அசையும். நான் அரை நாள் பேக்எண்ட்காரர்களோடு சண்டை போட்ட பிறகுதான் தெரிந்தது.

ரியாக்ட்வாசி:
சப்ஸ்க்ரைப் போட்டேன், போகிறது அக்கா. ஆனால் இப்போது ஒரே கோரிக்கை இரண்டு தடவை போகிறது.

பழைய_கை:
டெம்ப்ளேட்டில் அதே அப்சர்வபிளுக்கு, வரும் மதிப்பைத் திரையில் காட்டும் ஏசிங்க் பைப்பும் (முன்னே சொன்ன பைப் வேறு) போட்டிருக்கிறீர்களா?

ரியாக்ட்வாசி:
ஆமாம், பக்கத்துக் காம்பொனென்டைப் பார்த்து எழுதியது.

பழைய_கை:
அதுவும் ஒரு சப்ஸ்க்ரைப்தான். பைப்பை வைத்துக்கொண்டு நீங்கள் எழுதியதை எடுத்துவிடுங்கள். திரை மூடும்போது அதுவே அன்சப்ஸ்க்ரைப் செய்துகொள்ளும்.