ஒழுகும் மோட்டர்ஹோம், கைவிரிக்கும் டீலர்: அடுத்து என்ன செய்வது?

இங்கிலாந்து, லெஸ்டர் பக்கம் ஒரு டீலரிடம் பழைய மோட்டர்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) வாங்கி மாட்டிக்கொண்டேன். 2016 மாடல், ஃபியட் டுகாட்டோ சேஸி, நாலு பெர்த், 28,500 பவுண்ட். வண்டி ஓட்டத்தில் குறையே இல்லை. மேலே கட்டின வீட்டுப் பகுதிதான் ஒழுகுகிறது.

மார்ச் 8 எடுத்தோம். ஆறாவது வாரம் வேல்ஸில் இரண்டு நாள் அடைமழை. காலையில் பின்கட்டில் மெத்தையைத் தூக்கினால் அடியில் கறுப்புப் பூஞ்சை. சுவரை விரலால் அழுத்தினால் டீயில் நனைந்த பிஸ்கட் மாதிரி அமுங்குகிறது. தனியாக ஆள் வைத்து மீட்டரில் பார்த்தேன்: அந்த மூலையில் ஈரம் 34%. 15-க்குக் கீழே இருக்கணும். டீலர் தந்த டேம்ப் ரிப்போர்ட்டில் (ஈரச் சோதனை அறிக்கை) எல்லாம் ‘நார்மல்’, ஒரு எண்கூட இல்லை. அதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டது என் புத்தி.

ஒருமுறை எடுத்துப்போய் சீலண்ட் பூசித் தந்தார்கள். மூன்றே வாரத்தில் அதே மூலை. “திருப்பித் தரும் 30 நாள் கெடு தாண்டிவிட்டது, பணம் கிடையாது, வேண்டுமானால் மறுபடி பூசுகிறோம்” என்கிறார்கள். மூன்று மெயில் போட்டேன், பதிலில்லை. முன்பணம் 500 பவுண்ட் கிரெடிட் கார்டில் கட்டியது.

2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி ஒரு ரிப்பேர் தோற்றாலே வண்டியைத் திருப்பலாமாம். அப்படித் திருப்பியவர்கள் சொல்லுங்கள்: முதலில் டீலருக்கு நிராகரிப்புக் கடிதமா, கார்டு கம்பெனியிடம் செக்‌ஷன் 75 கிளெய்மா (கார்டில் கட்டிய பொருளுக்கு கார்டு கம்பெனியும் பொறுப்பு என்கிற சட்டப் பிரிவு)?